கேளாமல் மாற்றப்படும் முன்னிருப்புகள்

கணினித் துறையினர் அடிக்கடி உச்சரிக்கும் சொற்களில் 'டிபோல்ட்' என்பதும் ஒன்று. தமிழில் அதனை 'முன்னிருப்பு' என்று குறிப்பிடுகின்றனர். பாவனையாளர் எதனையும் தெரிவு செய்யாதவிடத்து அவருக்காக மென்பொருளே தெரிவு செய்து வைத்திருக்கும் அமைப்பு என்பது அதன் பொருள். நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் கருவிகளில் இந்த முன்னிருப்புகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதும், நேற்று வரை ஒழுங்காக இயங்கிய மென்பொருள்கள் அதன் விளைவாக இன்று தடம்புரள்வதும் வழமையாகி விட்டன. இது நிரலாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டிய விவகாரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், புறக்கோட்டையில் பற்றுச்சீட்டு அச்சிடும் வர்த்தகரும், ஜிந்துப்பிட்டியில் திருமண அழைப்பிதழ் கோக்கும் அச்சகத்தாரும், பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேரம் காட்டும் மின்கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறப்பவரும் அக்கருவிகளின் பெயர்களைக்கூட அறியாதவாறு அவற்றின் மீதே தங்கி நிற்கின்றனர் என்பதை நாம் மறந்து விடலாகாது.

முன்னிருப்பை மாற்றுவது என்றால் என்ன என்பதை இலங்கையருக்கு விளக்குவது கடினமன்று. ஒரு நாடே தனது முன்னிருப்பை மாற்றிய அனுபவம் எமக்கு உண்டு.

1996 ஆம் ஆண்டு வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு நாட்டை வாட்டியபோது, மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் மே மாதம் 25 ஆம் திகதி கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அவை அரை மணி நேரம் பின்நகர்த்தப்பட்டன. கிறீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலங்கள் முந்தியிருந்த இலங்கை, இவ்வாறு ஆறரைக்குச் சென்று, ஆறில் வந்து நின்றது. ஏறத்தாழ பத்து ஆண்டுகளின் பின்னர், 2006 ஏப்ரல் 15 இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மீண்டும் பழைய ஐந்தரைக்கே திரும்பினோம். வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே நீடித்து வந்தது. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தையைக் கடந்து வடக்கே சென்றவர்கள், ஒரே நாட்டுக்குள் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் திருப்பி வைக்க வேண்டிய விந்தையையும் அனுபவித்தனர்.

மனிதர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தனர். கணினிகளுக்கோ அது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. அக்காலத்து விண்டோஸில் இலங்கைக்குரிய நேர வலயம் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்ற பெயரில் ஆறு மணி நேர வித்தியாசத்துடன் பதிந்திருந்தது. மாற்றத்துக்கு வழங்கப்பட்ட அவகாசமோ மிகக் குறுகியது. ஆகவே மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் திருத்தம் தத்தமது கணினியை வந்தடையும் வரை, சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்று எழுதப்பட்ட இந்திய வலயத்தைத் தெரிவு செய்வதைத் தவிர இலங்கையருக்கு வேறு வழி இருக்கவில்லை. திருத்தம் வந்த பின்னரும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி ஒரு வலயத்தின் நடப்பு வித்தியாசத்தை மாத்திரமே அறியும். அதன் வரலாற்றை அறியாது. எனவே, 2005 ஆம் ஆண்டு காலை பத்து மணிக்குச் சேமிக்கப்பட்ட கோப்பொன்று, திருத்தத்தின் பின் ஒன்பதரைக்குச் சேமிக்கப்பட்டதாகக் காட்சியளித்தது. கோப்பை எவரும் தொடவில்லை. அதனைப் பார்க்கும் கண்ணாடிதான் மாற்றப்பட்டிருந்தது.

இங்கே குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய ஒரு நற்பணி உண்டு. உலக நாடுகள் எந்தத் திகதியில் தமது நேரத்தை எவ்வாறு மாற்றின என்பதைத் தன்னார்வலர்கள் பல தசாப்தங்களாகத் திரட்டிப் பேணி வரும் நேர வலயத் தரவுத்தளம் அது. 2011 முதல் இணைய இலக்கங்களையும் பெயர்களையும் நிர்வகிக்கும் அமைப்பின் கீழ் அது இயங்குகின்றது. லினக்ஸ் கணினிகளும், அன்ட்ரொயிட் மற்றும் அப்பிள் கைத்தொலைபேசிகளும், பெரும்பாலான நிரல் மொழிகளும் இதனையே நம்பியுள்ளன. அதில் 'ஆசியா/கொழும்பு' என்ற தலைப்பின் கீழ் 1996 இன் இரு மாற்றங்களும் 2006 இன் மாற்றமும் அடுத்தடுத்த வரிகளாகப் பதியப்பட்டுள்ளன. பழைய நேரம் அழிக்கப்படவில்லை. அது நடைமுறையில் இருந்த காலத்துக்கு அதுவே செல்லுபடியாகும் என்று எழுதி வைக்கப்பட்டுள்ளது.

அந்தச் சில வரிகளின் பெறுமதியை இன்று எமது வீடுகளில் காணலாம். 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்த பிள்ளைகள் இப்போது திருமண வயதை அடைந்துள்ளனர் அல்லது அதனை நெருங்கிக் கொண்டிருக்கின்றனர். அவர்களுக்குச் சாதகம் கணிக்க முற்படும் மென்பொருள், பிறந்த இடம் கொழும்பு என்றதும் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை முன்னிருப்பாக எடுத்துக் கொண்டால், கணிப்பு அரை மணி நேரத்தால் பிழைக்கும். 1996 மே முதல் ஒக்டோபர் வரை பிறந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்தால் பிழைக்கும். லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுக்கு ஒரு முறையும் நவாம்சம் சுமார் பதின்மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறையும் மாறுவது. சோதிடத்தில் நம்பிக்கை உண்டோ இல்லையோ, பொருத்தம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் சாதகங்களுள் எத்தனை இந்த அரை மணி நேரத்தால் தவறியவை என்ற கேள்வியைப் பெற்றோர் புறந்தள்ள மாட்டார்கள். வன்னியில் பிறந்த பிள்ளைக்கோ தரவுத்தளத்தின் கொழும்பு நேரமும் பொருந்தாது. அங்கு வீட்டுக் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டியது என்பதைத் தாயிடமே கேட்டறிய வேண்டும்.

இவ்வளவும் அரசு செய்த மாற்றத்தால் நேர்ந்தவை. கருவிகளை ஆக்குவோர் தாமாகச் செய்யும் மாற்றங்கள் வேறொரு வகையைச் சேர்ந்தவை. எமது பத்திரிகைகளின் இணையத்தளங்கள் உட்பட உலகின் மிகப் பல தளங்கள் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டவை. நேர வலயம் எது என்று நிரலில் குறிப்பிடப்படாவிட்டால், வழங்கிக் கணினியின் இயங்குதளத்தைப் பார்த்து அதனை ஊகித்துக் கொள்வதே பிஎச்பியின் பழைய வழக்கம். 2012 மார்ச்சில் வெளியான 5.4 ஆம் பதிப்பில் அந்த ஊகம் நிறுத்தப்பட்டது. குறிப்பிடாதவர்களுக்கு உலகப் பொது நேரமே முன்னிருப்பு என்றாயிற்று. கொழும்பு நேரத்தில் இயங்கிய வழங்கியை நம்பி எதனையும் குறிப்பிடாமல் விட்டிருந்த தளத்தில், அதிகாலை மூன்று மணிக்கு ஏற்றப்படும் செய்தி முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு வெளியானதாகத் திகதி பூண்டு நிற்கும். மரண அறிவித்தலாயின் இறுதிக்கிரியை 'இன்று' என்பது எந்த நாளைக் குறிக்கின்றது என்ற மயக்கமே ஏற்பட்டுவிடும்.

பிஎச்பியினர் முன்னறிவித்தல் வழங்கவில்லை என்று கூற முடியாது. முந்திய பதிப்புகளிலிருந்தே எச்சரிக்கை வாசகமொன்று தோன்றிக் கொண்டுதான் இருந்தது. அந்த எச்சரிக்கை யாருக்குத் தோன்றியது என்பதே எமது கேள்வி. மலிவான வாடகைக்கு இடம் தரும் வழங்கி நிறுவனங்கள் இத்தகைய வாசகங்களைத் திரையில் காட்டாது மறைத்தே வைக்கின்றன. அவை ஒரு பதிவேட்டில் சென்று குவிகின்றன. தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் அதற்குள் கட்டாருக்கோ கனடாவுக்கோ சென்றிருப்பார். கடைக்காரருக்கு அப்படியொரு பதிவேடு இருப்பதே தெரியாது. வழங்கி நிறுவனம் ஓரிரவில் பதிப்பை உயர்த்தும்போது, எச்சரிக்கையை ஒரு முறையேனும் கண்ணால் கண்டிராதவர் மீதே அதன் விளைவு வந்து விழுகின்றது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இந்த விடயத்தில் இன்னும் நெருக்கமான ஓர் அக்கறை உண்டு. தொழுகை நேரம் சூரியனைப் பின்பற்றுவது. அரசின் கடிகாரத்தை அறியாதது. கொழும்பில் சூரியன் உச்சியைக் கடக்கும் வேளை, ஐந்தரை மணி நேரக் கணக்கில் சராசரியாக 12.10 அளவில் அமைகின்றது. ஆறு மணி நேரக் கணக்கில் அதுவே 12.40 ஆகவும், 1996 இன் சில மாதங்களில் 1.10 ஆகவும் இருந்தது. நேரம் மாற்றப்பட்ட ஒவ்வொரு தடவையும் சுவரில் தொங்கிய அட்டவணைகளின் எல்லா எண்களும் ஒரே நாளில் காலாவதியாகின.

இன்று அந்த அட்டவணையின் இடத்தைக் கைத்தொலைபேசிச் செயலிகள் பெருமளவில் பிடித்துக் கொண்டுள்ளன. அவற்றை எழுதுவோர் சூரியக் கணக்கைத் தாமே செய்வதில்லை. எவரோ எழுதி இலவசமாக வெளியிட்ட நிரல் நூலகத்தை எடுத்து இணைத்துக் கொள்கின்றனர். அந்நூலகத்தில் முன்னிருப்புகள் பல உள்ளன. சுபஹு நேரத்தைக் கணிக்கச் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உலக முஸ்லிம் லீக்கும் கராச்சிப் பல்கலைக்கழக முறையும் 18 பாகை என்கின்றன; வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் முறை 15 பாகை என்கின்றது. கொழும்பில் இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பன்னிரண்டு நிமிடங்களுக்குக் குறையாது. அஸர் தொழுகைக்கு ஷாபிஈ மத்ஹபின்படி பொருளின் நிழல் ஒரு மடங்கும், ஹனபி மத்ஹபின்படி இரு மடங்கும் நீள வேண்டும். இதனால் எமது நாட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம் ஏற்படுகின்றது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். தமிழகத்திலோ கரையோர ஊர்களில் ஷாபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனபிகளும் வாழ்கின்றனர்.

எங்கோ ஒரு தேசத்திலிருக்கும் நூலக ஆக்குநர், தமது நாட்டுக்கு உகந்தது என்று கருதி, 18 பாகை என்ற முன்னிருப்பை அடுத்த பதிப்பில் 15 என்று மாற்றி விடுவதாக வைத்துக் கொள்வோம். அவரது நோக்கில் அது ஓர் எண்ணின் திருத்தம். செயலியை எழுதியவர் பாகையைத் தாமாகக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், ரமழானில் அதனைப் பார்த்து ஸஹர் செய்யும் குடும்பம், நோன்பு தொடங்கிய பின்னரும் பன்னிரண்டு நிமிடங்கள் உண்டு கொண்டிருக்கும். கணினி எந்தப் பிழைச் செய்தியையும் காட்டாது. திரையில் தோன்றும் நேரம் முன்போலவே நம்பத்தக்கதாகக் காட்சியளிக்கும். இயங்காமல் நின்றுவிடும் மென்பொருளை விட, பிழையாக இயங்கிக் கொண்டே இருக்கும் மென்பொருள் இந்த வகையில் ஆபத்தானது. ஜம்இய்யதுல் உலமாவின் அட்டவணையுடன் செயலியை அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் தப்பித்துக் கொள்வர். ஆனால் அவ்வாறு ஒப்பிடுவோர் எத்தனை பேர்?

லெபனானில் 2023 ஆம் ஆண்டு நடந்ததை இங்கு நினைவுகூரலாம். மார்ச் மாத இறுதியில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்நகர்த்துவது அந்நாட்டின் நீண்டகால வழக்கம். அவ்வாண்டு ரமழான் முடியும் வரை அதனை ஒத்திவைப்பதாக, நடைமுறைக்கு வரச் சில தினங்களே இருந்த நிலையில் அரசு அறிவித்தது. மரோனைட் திருச்சபை அதனை ஏற்க மறுத்தது. கைத்தொலைபேசிகள் தமக்குள் பதியப்பட்டிருந்த விதிப்படி தாமாகவே முன்நகர்ந்தன. சில நாட்களுக்குப் பெய்ரூட்டில் இரண்டு நேரங்கள் நிலவின. பின்னர் அரசு தனது முடிவை மீளப்பெற்றது. ஒரு மணி நேரம் முன்னதாக நோன்பு திறப்பது ஏற்ற தீர்மானமா என்பது அந்நாட்டவர் விவாதிக்க வேண்டியது. அவகாசமின்றி மாற்றியதே குழப்பத்தை விளைவித்தது என்பதே எமது அபிப்பிராயம்.

முன்னிருப்பு என்பது எப்போதும் அதனை ஆக்கியவரின் ஊரைப் பிரதிபலிப்பது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக் கொள்வோம். இணையத்தில் கட்டுரைகளும் கணக்குகளும் சேமிக்கப்படும் களஞ்சியம் அது. சுவீடன் நாட்டு நிறுவனமொன்று ஆக்கியது என்பதால், பல ஆண்டுகளாக அதன் முன்னிருப்பு எழுத்துமுறை மேற்கு ஐரோப்பிய லத்தீனாகவும், வரிசைப்படுத்தும் முறை சுவீடிஷ் மொழியினதாகவும் இருந்து வந்தது. முருகேசு முதல் முஹம்மது வரை எமது பெயர்களெல்லாம் சுவீடிஷ் அகராதி ஒழுங்குக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தன. எமது அச்சகங்களில் பாமினி எழுத்துருவைக் கையாண்டோர் இதற்கு முன்பே இத்தகைய சோதனையைக் கண்டவர்கள். அதில் ஆங்கிலச் சிறிய 'எம்' இன் இடத்தில் 'அ' வும் பெரிய 'எம்' இன் இடத்தில் 'ஆ' வும் அமர்ந்திருந்தன. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வேர்ட் மென்பொருளின் முன்னிருப்பு, 'அவன்' என்பதை 'ஆவன்' ஆக்கியது. அந்த வசதியை நிறுத்தி வைப்பதே தட்டச்சாளரின் முதல் வேலையாக இருந்தது.

மைஎஸ்கியூஎல்லின் விடயம் இதனினும் சிக்கலானது. லத்தீன் என்று பெயரிடப்பட்ட பெட்டிக்குள் யுனிகோட் தமிழை வைத்தாலும், வைத்தது வைத்தபடியே வெளியே வந்ததால், இரண்டாயிரங்களின் தமிழ்த் தளங்கள் பல அவ்வாறே இயங்கின. பிழையான பெட்டி, ஆயினும் வேலை நடந்தது. 2004 இல் வெளியான 4.1 ஆம் பதிப்பு எழுத்துமுறைகளை இனங்கண்டு மாற்றித் தரத் தொடங்கியது. பின்னர் ஒருவர் தமது தளத்தின் இணைப்பு அமைப்பை யுனிகோட் என்று நேர்மையாகத் திருத்திய கணமே, அதுவரை நன்றாகத் தெரிந்த கட்டுரைகளெல்லாம் தலையில் கீறலிட்ட சிறிய 'ஏ' க்களாகவும் வட்டத்துக்குள் நிற்கும் 'ஆர்' களாகவும் சிதறின. அக்காலத்தில் வலைப்பதிவு நடத்திய எவரும் அந்தக் கோலத்தை மறந்திருக்க மாட்டார்கள். 2007 மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் 2.2 பதிப்பு, புதிதாக நிறுவுவோருக்கு மாத்திரம் யுனிகோட்டை முன்னிருப்பாக்கிப் பழையவர்களை அவர்களது நிலையிலேயே விட்டது. புதிய மாதிரிக் கோப்பைப் பார்த்துப் பழைய தளத்தில் அந்த வரியைச் சேர்த்துக் கொண்டவர்களே அவதிப்பட்டனர்.

ஒரு முன்னிருப்பு எமக்காக அமைக்கப்படாதபோது, நாம் குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்து அதில் வாழப் பழகிக் கொள்கின்றோம். பிற்காலத்தில் அந்த முன்னிருப்பு சரியான முறையில், எமக்குச் சாதகமாகவே திருத்தப்படும்போதும், முதலில் இடிபடுவது அந்தக் குறுக்குவழியே. ஆங்கிலத்தில் மாத்திரம் எழுதியவருக்கு லத்தீன் யுனிகோட்டாக மாறியது தெரியவே வராது. முதலில் புறக்கணிப்பின் சுமையையும் பின்னர் திருத்தத்தின் சுமையையும் சுமப்பவர் ஒருவரே. கருவிகளை ஆக்குவோரின் கலந்துரையாடல்களில் இந்த இரட்டைச் சுமை போதிய அளவு பேசப்படுவதாக எமக்குத் தோன்றவில்லை.

அதற்காக எந்த முன்னிருப்பும் மாற்றப்படவே கூடாது என்று வாதிடுவது நியாயமாகாது. பிஎச்பி 2002 ஏப்ரலில் வெளியிட்ட 4.2 ஆம் பதிப்பில், இணையத்திலிருந்து வரும் எந்தத் தகவலும் நிரலின் மாறியாகத் தானே உருவெடுக்கும் வசதியை முன்னிருப்பில் நிறுத்தியது. பல தளங்கள் அன்று செயலிழந்தன; ஆயினும் அந்த வாசல் திறந்தே விடப்பட்டிருந்தால் ஊடுருவல்காரருக்கு அது பெரு விருந்தாக அமைந்திருக்கும். மைஎஸ்கியூஎல்லும் லத்தீனை விட்டு யுனிகோட்டை முன்னிருப்பாக்க 2018 ஏப்ரல் வரை காத்திருந்தது. அத்தாமதத்தின் விலையைச் செலுத்தியவர்களும் நாமே. விந்தை யாதெனில், எமக்கு நன்மை தந்த அதே 8.0 பதிப்பில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையின் முன்னிருப்பும் மாற்றப்பட்டது. அதனை அறியாத அக்காலப் பிஎச்பி நிரல்கள், களஞ்சியத்தின் கதவைத் தட்டியும் உள்ளே நுழைய முடியாது வெளியே நின்றன.

மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. நிரலாளர்கள் தமது கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பேணப் பயன்படுத்தும் 'கிட்' என்ற கருவி, வேலைகளை வழங்கிக்கு அனுப்பும் முன்னிருப்பை 2014 மே மாதம் வெளியான 2.0 பதிப்பில் மாற்றியது. அதற்கு முந்திய பதிப்புகள், இவ்விடயத்தில் எதனையும் தெரிவு செய்திராதவர் கட்டளையிட்ட வேளையிலேயே, அவரது திரையிலேயே, இது மாறப் போகின்றது, பழையதை வைத்திருக்க இவ்வாறு செய்க, புதியதை இப்போதே ஏற்க இவ்வாறு செய்க என்று அறிவித்து வந்தன. 2020 ஒக்டோபர் முதலாம் திகதி கிட்ஹப் நிறுவனம் முதன்மைக் கிளையின் பெயரை 'மாஸ்டர்' என்பதிலிருந்து 'மெயின்' என்று மாற்றியபோதும், புதிதாகத் தொடங்கப்பட்ட களஞ்சியங்களுக்கே அது முன்னிருப்பாயிற்று; பழையவை தீண்டப்படவில்லை. பெயர் மாற்றம் தேவையா என்று காரசாரமாக வாதிட்டோர் பலர். ஆயினும் நேற்று இயங்கிய களஞ்சியம் அம்மாற்றத்தால் மறுநாள் காலை நின்றுவிடவில்லை.

நேர வலயத் தரவுத்தளத்தைப் பேணுவோர் அரசாங்கங்களிடம் விடுக்கும் வேண்டுகோளும் இத்தகையதே. நேரத்தை மாற்ற எண்ணினால் குறைந்தது ஓர் ஆண்டுக்கு முன்னராவது அறிவியுங்கள் என்று அவர்கள் கேட்டு வருகின்றனர். 2006 இல் இலங்கை அரசு வழங்கிய அவகாசம் அதன் அருகில்கூட வரவில்லை. மின்நெருக்கடி மூளும் போதெல்லாம் கடிகாரத்தில் கைவைக்கும் எண்ணம் ஆட்சியாளருக்கு எழக்கூடியதே. வங்கிகளும் வைத்தியசாலைகளும் விமான நிலையமும் கணினியின்றி இயங்க முடியாத இக்காலத்தில் அவ்வாறானதொரு யோசனை மீண்டும் முன்வைக்கப்படுமாயின், அந்த ஓராண்டு அவகாசத்தை வர்த்தமானி அறிவித்தலிலேயே உறுதிப்படுத்துமாறு பாராளுமன்றத்தில் எமது பிரதிநிதிகள் வலியுறுத்த வேண்டும்.

கொழும்பில் மென்பொருள் எழுதும் எமது இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கடைக்கோ பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ எதனை அமைத்துக் கொடுத்தாலும், நேர வலயம் 'ஆசியா/கொழும்பு' என்பதையும், எழுத்துமுறை யுனிகோட் என்பதையும், தொழுகை நேரமாயின் பாகையையும் மத்ஹபையும் நிரலில் வெளிப்படையாக எழுதி வைப்பது ஐந்து நிமிட வேலை. பயன்படுத்தும் கருவிகளின் பதிப்பு எண்களையும் ஒரு தாளில் அச்சிட்டு உரிமையாளரிடம் கையளித்தால், அடுத்த மாற்றம் வரும் நாளில் எழுதியவர் தோஹாவில் இருந்தாலும், ஆமர் வீதியில் கணினி திருத்தும் மற்றொருவர் அந்தத் தாளைப் பார்த்தே கோளாறு எங்கே என்று கண்டுகொள்வார்.